வீட்டில் யாருக்காவது இருந்ததா?

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுண்டெலி எழுதுவது. இங்கே இரண்டு பேரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. என் வீட்டுக்காரர் முழுச் சுகம், நான் அரைச் சுகம். ஆக மொத்தம் இந்த வீட்டில் ஒன்றரைச் சுகம். நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? ஹாஸ்டலில் உன் மகன் நேரத்துக்குச் சாப்பிடுகிறானா? உன் முழங்கால் படியேற விடுகிறதா? ஊருக்கெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத நாலாவது மாடியில். சொன்னால் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ 'ம்' போடுவாய். மூன்றாவது 'ம்'முக்கு எனக்குக் கோபம் வரும், ஐந்தாவதுக்கு வைத்துவிடுவேன். கடிதத்தில் 'ம்' போட முடியாது. அதனால்தான் இந்தக் கையோடு எழுதுகிறேன்.

கைதான் விஷயம். போன வருஷம் வீக்கம் மட்டும் என்று எழுதியிருந்தேன். இப்போது காலையில் விரல் மடங்க ஒன்றரை மணி நேரம் ஆகிறது. வெந்நீர் வாளியில் இரண்டு கையையும் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அவர் வந்து என் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவார். தன் பொத்தானையே ஒன்று மாற்றி ஒன்று போடுகிற மனுஷர்.

லேப்பில் முன்பல் வேலையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். பல் செட்டுக்கு மெழுகில் முன்பல் ஆறையும் நிறுத்துவது இருபத்திரண்டு வருஷமாக என் வேலை. ஆள் சிரித்தால் உதட்டுக்குக் கீழே எவ்வளவு தெரிய வேண்டும் என்று பழைய போட்டோவைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இப்போது எனக்குக் கடைவாய்ப்பல். "உள்ள இருக்கிறதை யாரும் பார்க்கப் போறதில்லம்மா, கொஞ்சம் கோணினாலும் பரவாயில்ல" என்றார் முதலாளி. ஆறுதல் சொன்னாராம்! தன் கையே தனக்கு உதவி என்பார்கள். என் கை எனக்கு உதவுகிற உத்தேசத்தில் இல்லை.

மூன்று வருஷமாக மாத்திரை, கூடவே ஸ்டீராய்டு. இப்போது புதிதாக வந்திருக்கும் மூட்டு டாக்டரம்மா ஓர் ஊசி சொல்கிறார். "உடம்புக்குள்ள சைட்டோகைன்னு செய்திக்காரங்க இருக்காங்க. கிருமி வந்தா, 'எல்லாரும் வாங்கடா'ன்னு கூப்பாடு போடுறவங்க. உங்க உடம்புல கிருமியே இல்லாம கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. வந்தவன் சும்மா போவானா? மூட்டை அடிச்சு நொறுக்கிட்டுப் போறான். வேலியே பயிரை மேயுற கதைதான்" என்றார். அந்தச் செய்திக்காரர்களில் ரொம்ப வாய் உள்ளவன் டி.என்.எஃப். இந்த ஊசி அவன் வாயைப் பொத்துமாம். ஏற்கெனவே கோணிப்போன எலும்பு நிமிராது, மீதியைக் காப்பாற்றலாம் என்கிறார். இன்னும் ஆறு மாதம் இப்படியே விட்டால் மெழுகுக் கத்தி பிடிக்கிற வேலை எனக்கு இனி இல்லை என்பதையும் சொல்லிவிட்டார்.

ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் ஒரு கேள்வி: வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா? பழைய டி.பி. கிருமி உடம்பில் ஒளிந்திருந்தால் அதைச் சுற்றிச் சுவர் கட்டிக் காவல் நிற்பதும் இதே வாயாடிதானாம். அவனை அடக்கினால் சுவர் விழுந்துவிடும், கிருமி எழுந்துவிடும். அதனால் முதலிலேயே தெரிய வேண்டும்.

அப்பாவுக்கு இருந்ததா? எனக்கு நினைவு தெரிந்த நாளாக இருமினார். நீ என்னைவிடப் பத்து வயது பெரியவன், உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு நினைவிருப்பது நீ மஞ்சள் காமாலையில் படுத்துக் கிடந்ததுதான். ஒரே அறையில் உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து என் பாடப் புத்தகத்தை உனக்குச் சத்தமாக வாசிப்பேன், நீ தூங்கிவிடுவாய்.

மறக்காமல் பதில் எழுது. அண்ணிக்கு என் அன்பு.

உன்,
சுண்டெலி


ஜனவரி 21

அன்புள்ள சுண்டெலிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வழக்கம்போல் சாப்பிட்டு முடித்ததும் உன் அண்ணி மேசையில் சத்தமாக வாசித்தாள். ஒன்றரைச் சுகத்துக்குச் சிரித்தாள், கையைப் பற்றி வந்ததும் நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியை வாசித்தாள். நாங்கள் நலம். மகனும் நலம்; பணம் கேட்டு மட்டும் போன் செய்கிறான், அதனால் நலம்தான்.

போன வாரம் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு வக்கீல். நான் மேலேயிருந்து, "பயப்படாதீங்க சார், கயிறு அறுந்தாலும் விழாது, தானாப் பிடிச்சுக்கும்" என்றேன். "அறுந்திருக்கான்னு மட்டும் சொல்லுய்யா" என்று கத்தினார். வெளியே எடுத்ததும் என் கையைக் குலுக்கி, படியில் இறங்கிப் போனார். பன்னிரண்டு மாடிக்கும் இனி அவர் படிதான் என்று நினைக்கிறேன்.

உன் டாக்டரம்மா சொன்னதை யோசித்துப் பார்த்தேன். அலாரம் சும்மா அடித்தால் நாங்கள் வயரைப் பிடுங்குவதில்லை. எதனால் அடிக்கிறது என்று பார்ப்போம். இந்த ஊசியேதான் வேண்டுமா? வேறு மாத்திரை எதுவும் இல்லையா? அவசரப்படாமல் இன்னொரு டாக்டரையும் கேள். ஊருக்கு ஊர் நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். கையைக் குளிரில் வைக்காதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அண்ணன்

அண்ணி எழுதுவது: வலது கையில் வலி அதிகம் என்றால் இடது கையால் சாப்பிடு, யார் என்ன சொன்னாலும் கவலைப்படாதே. உன் முதலாளிக்கு ஒரு கடைவாய்ப்பல் விழட்டும்.


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம்தானே எல்லாரும்? வக்கீல் கதை வந்து சேர்ந்தது. கேட்காததுக்கு ஒரு பக்கம், கேட்டதுக்கு ஒரு வரி இல்லை. உன்னைத் திருத்த முடியாது.

பரிசோதனை எல்லாம் ஆயிற்று. முன்கையில் ஒரு சின்ன ஊசி போட்டு இரண்டு நாள் கழித்து வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார்கள். வீங்கவில்லை. நெஞ்சு எக்ஸ்ரேயும் சுத்தம். "அப்ப ஒண்ணும் இல்லல்ல டாக்டர்?" என்றேன். "அப்படிச் சொல்ல மாட்டேன்" என்றார். "மூணு வருஷம் ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்பு இது. உள்ள கிருமி தூங்கினாக்கூட அந்த ஊசிக்கு வீங்காம இருந்துடலாம். இந்தப் பரிசோதனையைவிட உங்க வீட்டுக் கதையைத்தான் நான் நம்புவேன். கேட்டு எழுதிட்டு வாங்க."

வீட்டுக் கதையைச் சொல்ல இந்த உலகத்தில் நீ ஒருவன்தான் மிச்சம். அப்பா, அம்மா, சித்தி எல்லாரும் போய்விட்டார்கள். மார்ச் ஒன்பதாம் தேதி முதல் ஊசி. அதற்குள் அப்பாவின் இருமல் என்ன இருமல் என்று எழுது. வேறு யாருக்காவது இருந்தால் அதையும் எழுது. அண்ணி, வாசித்துக்கொண்டிருப்பது நீங்கள்தானே? எதிரில் இருப்பவரை ஒரு கிள்ளு கிள்ளுங்கள்.

ஒரு ரகசியம். இங்கே வானொலியில் செய்தி வாசித்த ஒரு பெரியவருக்குப் பல் செட் வந்திருக்கிறது. பழைய செட்டில் அவருக்குச் 'ச' வரவில்லை, விசில் வருகிறது. முன்பல்லை ஒரு மயிரிழை உள்ளே தள்ளினால் சரியாகிவிடும். எனக்குத் தெரியும், என் கைக்கு முடியவில்லை. பக்கத்து மேசைப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவள் சரியாகச் செய்துவிட்டாள். வீட்டுக்கு வந்து அழுதேன். நீ யாரிடமும் சொல்லாதே என்று எழுதத் தோன்றுகிறது, உன் வீட்டு மேசையில் சத்தமாக வாசிப்பார்களே!

உன்,
சுண்டெலி


பிப்ரவரி 11

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நலமறிய ஆவல்.

அப்பாவுக்கு இருந்தது சுருட்டு இருமல். நம் வீட்டில் யாருக்கும் நீ கேட்ட வியாதி இருந்ததில்லை.

இங்கே வேலை அதிகம். உன் அண்ணி உள்ளே வேலையாக இருக்கிறாள், அதனால் இந்த முறை அவள் வரி இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


பிப்ரவரி 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுண்டெலி எப்போது தங்கை ஆனாள்? கோபமா? கிள்ளச் சொன்னதுக்கா?

போகட்டும், பதில் வந்ததே பெரிது. படிவத்தில் 'இல்லை' என்ற கட்டத்தில் கோடு போட்டுக் கொடுத்துவிட்டேன். டாக்டரம்மா இரண்டு தரம் கேட்டார், "நிச்சயமா?" என்று. "எங்க அண்ணன் எழுத்துல எழுதிக் கொடுத்திருக்கான், அவன் பொய் சொல்ல மாட்டான்" என்றேன். ஊசி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டியதாம், உறையக் கூடாதாம். கீழ்த்தட்டில் வீட்டுக்காரர் இப்போதே இடம் ஒதுக்கிவிட்டார். "இது உன் டி.என்.எஃப்.காரனுக்கு ரிசர்வ்டு" என்று சீட்டு ஒட்டி வைத்திருக்கிறார்.

எனக்கு ஆசை வந்துவிட்டது, அண்ணா. மூன்று வருஷமாக நான் ஆசைப்படுவதையே விட்டிருந்தேன். ஜூனில் முன்பல் மேசைக்குத் திரும்ப வேண்டும். அண்ணியின் வரி இல்லாமல் கடிதம் மொட்டையாக இருக்கிறது, அடுத்ததில் இரண்டு வரி எழுதச் சொல்.

உன்,
சுண்டெலி


பிப்ரவரி 23

அன்பு நாத்தனாருக்கு,

உன் அண்ணி. உன் லேப் முகவரிக்கு எழுதுகிறேன். இத்தனை வருஷத்தில் உனக்கு நான் தனியாக எழுதும் முதல் கடிதம் இதுதான், அதனால் நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்வோம்.

உடனே டாக்டரிடம் போ. 'இல்லை'யை அடித்துவிட்டு 'ஆம்' என்று எழுது. உன் அண்ணனுக்கு இருபது வயதில் வந்தது மஞ்சள் காமாலை இல்லை, டி.பி. நீ பக்கத்தில் உட்கார்ந்து பாடம் வாசித்தாயே, அப்போதுதான்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? கல்யாணமான முதல் வருஷம் வீடு மாற்றினோம். அவருடைய தகரப் பெட்டியின் அடியில் ஓர் அட்டை இருந்தது. காசநோய்ப் பிரிவு, அவர் பெயர், வயது, ஒன்பது மாதத்துக்கு ஒவ்வொரு நாளும் ஒரு டிக். எடுத்த இடத்தில் வைத்துவிட்டேன். கேட்கலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். மனுஷர் தனி டம்ளர் வைத்திருப்பார், இருமினால் அடுத்த அறைக்குப் போவார், சுவர்ப் பக்கம் திரும்பித்தான் தூங்குவார். பையன் பிறந்தபோது மூன்று மாதம் முகத்தில் துணி கட்டிக்கொண்டுதான் தூக்கினார். "லிஃப்ட் தூசி" என்றார். ஆறி எத்தனையோ வருஷம் ஆன வியாதி! சொன்னால் கூனிக் குறுகிப் போவார், என்னிடம் ஒளிக்கிறோம் என்ற நிம்மதியாவது இருக்கட்டும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். இருபத்தைந்து வருஷம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முழுப் பூசணிக்காயை மறைத்தோம்.

உன் கேள்வியை மேசையில் வாசித்தவள் நான்தான். எதிரில் அவர் முகம் போன போக்கைப் பார்த்தேன். இரண்டாவது கடிதத்தில் எப்படியும் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். அன்று என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டு எழுதி, தானே தபாலில் போட்டுவிட்டார். என்ன எழுதினார் என்று உன் பதிலை வாசிக்கும்போதுதான் தெரிந்தது. "அவன் பொய் சொல்ல மாட்டான்" என்ற இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. அவர் சாப்பிட்ட தட்டோடு எழுந்து போனார்.

டாக்டரிடம் சொல். என்னால் தெரிந்தது என்று அவரிடம் காட்டிக்கொள்ளாதே. தானாகச் சொல்ல ஒரு வாய்ப்பு அவருக்கு இருக்கட்டும்.

உன்,
அண்ணி


பிப்ரவரி 28

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும், நூறு வருஷம். இதைத் தவிர வேறு நலம் எழுத எனக்கும் பொறுமை இல்லை.

கடிதத்தைப் பாதி மெழுகுக் கையோடு வாசித்துவிட்டு அப்படியே டாக்டரிடம் போனேன். ஊசி நிறுத்தம். "நல்லவேளை" என்று மூன்று தரம் சொன்னார். கிருமி தூங்குகிறதோ இல்லையோ, தூங்குகிறது என்றே வைத்துக்கொண்டு முதலில் அதற்கு மாத்திரை. ஒரு மாதம் போனபிறகு ஊசியைத் தொடங்கலாம், மாத்திரை அதன் பிறகும் சில மாதம் தொடரும். நடுவில் கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை. "ஊசி போட்டப்புறம் தெரிஞ்சிருந்தா தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை ஆயிருக்கும்" என்றார்.

உங்களிடம் எனக்குக் கோபமில்லை. அவன்மேல் இருக்கிற கோபத்தை எழுதினால் தாள் கிழிந்துவிடும். கல்யாணத்துக்காக மறைத்தான், சரி. வெட்கம், சரி. என் உயிரைவிடவா அவனுக்கு வெட்கம்? காட்டிக்கொள்ள மாட்டேன், வாக்குக் கொடுக்கிறேன். ஆனால் அவனாக எழுதும்வரை நான் அவனுக்கு ஒரு வரி எழுத மாட்டேன்.

உங்கள்,
நாத்தனார்


மார்ச் 4

சுண்டெலி,

இது கூரியரில் வருகிறது. நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஒன்பதாம் தேதி ஊசி போட்டுக்கொள்ளாதே. நான் எழுதியது பொய். எனக்கு டி.பி. இருந்தது. இதை இப்போதே போய் டாக்டரிடம் காட்டு, மீதியை அப்புறம் வாசி.

காட்டிவிட்டாயா? இப்போது கேள்.

நேற்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உன் அண்ணியிடம் சொன்னேன். "எனக்குச் சின்ன வயசுல டி.பி. இருந்துச்சு" என்றேன். "தெரியும், தட்டைக் கழுவிப் போடுங்க" என்றாள். இருபத்தைந்து வருஷமாக நான் ஒளித்துவைத்ததன் மேலேயே அவள் குடித்தனம் நடத்தியிருக்கிறாள். நான் ஒரு முட்டாள்.

அவளிடம் மறைத்ததாக அவள் நினைக்கிறாள். நீயும் அப்படித்தான் நினைப்பாய். அவளிடம் சொல்லியிருப்பேன், எப்போதோ சொல்லியிருப்பேன். சொன்னால் அது ஒருநாள் உன்னிடம் வந்து சேரும். நான் மறைத்தது உன்னிடம்தான்.

மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டேன். இருமல் நின்றது, எடை ஏறியது, பந்து விளையாடப் போனேன். நன்றாகிவிட்டதே, இன்னும் எதற்கு என்று நிறுத்திவிட்டேன். அம்மா தினமும் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து வைப்பாள். அவள் திரும்பியதும் ஜன்னல் வழியாக எறிவேன். நாலு மாதத்தில் திரும்ப வந்தது, முதலைவிட மோசமாக. அந்த முறை என்னைப் பார்த்துக்கொண்டது முழுக்க அம்மா. உன்னைக் கூடத்தில் படுக்க வைத்துவிட்டு அவள் என் அறையில் படுத்தாள். கல்யாணமான புதிதில் உன் அண்ணி என் பெட்டியில் பார்த்ததாகச் சொன்ன சிகிச்சை அட்டை இரண்டாவது தடவையுடையது. அதில் ஒரு டிக்கூட விடவில்லை. அதற்குள் அம்மா இருமத் தொடங்கியிருந்தாள். "எனக்கென்னடா, தூசி" என்பாள். என் மாத்திரையை எண்ணுவதிலேயே இருந்தாள், தனக்கு டாக்டரைப் பார்க்க ஆறு மாதம் ஆயிற்று. அப்போது நேரம் கடந்துவிட்டது.

அம்மாவுக்கு இதய நோய் இல்லை, சுண்டெலி. அக்கம்பக்கத்துக்காக அப்பா அப்படிச் சொன்னார். உனக்கும் அதையே சொன்னோம். உன் பதினோராவது வயதில் உன் அம்மாவை எடுத்துக்கொண்டவன் நான். உன் கேள்விக்கு 'ஆம்' என்று எழுதினால் அடுத்த கேள்வி 'வேறு யாருக்கு' என்று வரும். அதற்குப் பயந்து உன்னையும் கொல்லப் பார்த்தேன். பேனாவை மூடியபோதுதான் நான் செய்தது புரிந்தது. அதன் பிறகும் மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. மாத்திரை கொடுத்தால் ஒரு நாளும் விடாதே.

அண்ணன்


ஏப்ரல் 2

அன்புள்ள சுண்டெலிக்கு,

நீ சுகமா என்று கேட்கத்தான் எழுதுகிறேன். உனக்கு முன்பே எழுதியதை உன் அண்ணி சொன்னாள். நல்ல காரியம் செய்தாள். மாப்பிள்ளை போன் செய்து நீ மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவதாகச் சொன்னார். எனக்கு அது போதும். பதில் வேண்டாம்.

அண்ணன்

அண்ணி எழுதுவது: தினம் சாயங்காலம் நாலு மாடி இறங்கித் தபால் பெட்டியைப் பார்த்துவிட்டு ஏறுகிறார். முழங்கால் வீங்கியிருக்கிறது. பதில் வேண்டாம் என்று எழுதியிருப்பதை நம்பாதே.


ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் உன் முழங்காலும் சுகமா? நான் முக்கால் சுகம். இரண்டு ஊசி ஆயிற்று, இரண்டு வாரத்துக்கு ஒன்று. மாத்திரை ஒரு நாளும் விடவில்லை. காலையில் விரல் மடங்க இப்போது அரை மணிக்கும் குறைவு. நேற்று டூத்பேஸ்ட் மூடியை நானே திறந்தேன். வீட்டுக்காரர் கைதட்டினார், எனக்கு எரிச்சலாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. வலது சுண்டுவிரல் கோணியபடிதான் இருக்கும் என்கிறார் டாக்டரம்மா. இருக்கட்டும். அடுத்த மாதம் ஒரு முன்பல் செட் கொடுத்துப் பார்க்கிறேன் என்றிருக்கிறார் முதலாளி.

ஏழு வாரம் பதில் போடாததற்குக் கை காரணமில்லை. முதல் மூன்று வாரம் உன்னைத் திட்டினேன். பாத்திரம் கழுவும்போது, பஸ்ஸில், மெழுகு உருக்கும்போது. பிறகு டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டேன். "யாரு யாருக்குக் கொடுத்தாங்கன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. மாத்திரையை நிறுத்தினது தப்புதான். நல்லாயிட்டோம்னு தோணினதும் நிறுத்துறவங்களை நான் வாரம் ரெண்டு பேராவது பார்க்கிறேன்" என்றார்.

நீ தப்பே செய்யவில்லை என்று நான் எழுத மாட்டேன். செய்தாய். இருபது வயதில் ஒன்று, ஐம்பத்து மூன்றில் ஒன்று. இருபது வயதுக்காரனை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன், அவன் என் உயிர். ஐம்பத்து மூன்று வயதுக்காரனைத்தான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் கோபம் வேறு. என்னைச் சித்தி வீட்டுக்கு அனுப்பினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அம்மாவுக்கு இதயம் பலவீனம், வீட்டில் சத்தம் ஆகாது என்று அப்பா சொன்னார். நான் பையோடு வாசலில் நின்றேன். அம்மா வெளியே வரவில்லை. "அம்மா, போயிட்டு வரேன்" என்று கத்தினேன். பதில் இல்லை. நடையின் கோடியில் அவள் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு அவளை நான் பார்த்தது அவள் போன பிறகுதான்.

முப்பத்திரண்டு வருஷமாக அந்தச் சத்தம் என் காதில் இருக்கிறது. நான் சத்தம் போடுகிற பிள்ளை, அதனால் அம்மாவுக்கு என்னைப் பிடிக்காமல் போயிற்று என்று நினைத்தே வளர்ந்தேன். நீ அம்மாவை எடுத்துக்கொண்டதாக எழுதியிருக்கிறாய். அதை நான் நம்பவில்லை. அவளுடைய கடைசி ஐந்து மாதத்தை எடுத்துக்கொண்டாய். அது உன்னிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை. மன்னிப்பு வேண்டுமானால் அதை எனக்கு எழுது. ஒன்றும் விடாமல், நல்லது கெட்டது எல்லாம். நான் போன நாளிலிருந்து தொடங்கு.

உன்,
சுண்டெலி


மே 5

அன்புள்ள சுண்டெலிக்கு,

இங்கே சுகம். நீ முக்கால் சுகம் என்று எழுதியதை உன் அண்ணி இரண்டு தரம் வாசித்தாள். அதற்கு மேல் வாசிக்க முடியாமல் என்னிடம் கொடுத்துவிட்டாள். மீதியை நான் வாசித்தேன்.

நீ கேட்டபடி அன்றிலிருந்து தொடங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே அம்மா எழுந்து தலை வாரிக்கொண்டாள். உன் பையில் என்னென்ன வைக்க வேண்டும் என்று உள்ளேயிருந்தே அப்பாவுக்குச் சொன்னாள்: இரண்டு சட்டை, நீலக் கம்பளி, கணக்கு நோட்டு, காது வலித்தால் போடுகிற சொட்டு மருந்து. நீ செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டதும் என்னைக் கூப்பிட்டாள். நான் கதவருகே போனேன்.

"வெளியில பூட்டுடா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "நீயே உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கோயேம்மா" என்றேன்.

"உள்தாழ்ப்பாள்னா நான் திறந்துடுவேன். அவ கூப்பிட்டா என்னால இருக்க முடியாது. ஓடிப்போய்க் கட்டிப்பேன். நீ வெளியில பூட்டு. நான் எவ்வளவு தட்டினாலும் வண்டி போற வரைக்கும் திறக்காதே."

நீ வாசலில் நின்று "போயிட்டு வரேன்" என்று கத்தினாய், நான் பூட்டினேன். நீ கேட்ட சத்தம் அதுதான். தாழ்ப்பாளைப் போட்ட கை அம்மாவுடையது இல்லை, என்னுடையது. அம்மா பதில் சொல்லவில்லை, கதவைத் தட்டினாள். இரண்டு கையாலும் தட்டினாள். உனக்குக் கேட்கக் கூடாதென்று நான் முதுகைக் கதவில் கொடுத்து நின்றுகொண்டேன். "திறடா, ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன், தூரத்துல நின்னு பார்க்கறேன்" என்றாள். நான் திறக்கவில்லை.

உன் வண்டி முனை திரும்பிய பிறகுதான் திறந்தேன்.

அண்ணன்